பொண்ணில்லாப் பந்தல்

நாணல்பாக்கத்தில் பாண்டுரங்கன் வீட்டு வாசலில் 1981ஆம் வருஷம் வைகாசி மாதம் போட்ட கல்யாணப் பந்தல் எட்டு வருஷம் வாடவில்லை. கீற்று வேய்ந்த அன்றைய பச்சையிலேயே இருந்தது. வாசலில் கட்டிய வாழை மரங்கள் இரண்டும் வேர் பிடித்துக் குலை தள்ளின. தோரணத்து மாவிலை தை பிறந்ததும் பூத்தது, சித்திரையில் கைக்கெட்டும் உயரத்தில் காய் தொங்கியது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் பஸ்ஸில் போய் வந்தவர்கள் எல்லாரும் பார்த்ததுதான், இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சந்தேகமெல்லாம் வேறு விஷயத்தில் இருந்தது. கல்யாணப் பொண்ணு பாஞ்சாலி யாரோடு ஓடிப்போனாள் என்பதில். அவள் யாரோடும் ஓடவில்லை, தனியாகத்தான் போனாள். ஆனால் பந்தல் வாடாததை ஒரே வாரத்தில் நம்பிவிட்ட ஊர், பொண்ணு தனியாகப் போனதை நம்ப எட்டு வருஷம் எடுத்துக்கொண்டது.

பாண்டுரங்கன் கெட்ட மனுஷர் இல்லை. கிணற்றுப் பாசனத்தில் நெல்லும் மேட்டு நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறவர். சொந்த நிலம், சொந்த மாடு, சொந்த வாக்கு. இதில் மூன்றாவதுதான் அவருக்கு ரொம்பப் பெருமை. ஒரு தடவை சொல்லிவிட்டால் மாற்ற மாட்டார், மாற்றினால் மீசை எதற்கு என்பார். பாஞ்சாலி ஒரே பொண்ணு. அவளைத் திண்டிவனத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தவரும் அவர்தான், படித்த பொண்ணுக்கு விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தபோது ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தவரும் அவர்தான். சிக்கல் என்னவென்றால், வேலையில் போய்ச் சேரச் சொன்ன நாளும் கல்யாண முகூர்த்த நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. மாப்பிள்ளை தேவநாதன் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். வேலைக்குப் போகிற மருமகள் எங்களுக்கு எதற்கு என்று அந்த வீட்டில் கேட்டிருந்தார்கள். பாஞ்சாலி அப்பாவிடம் கிணற்றடியில் வைத்துச் சொல்லிப் பார்த்தாள், மல்லாட்டை உரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள், முகூர்த்தப் புடவை எடுக்கப் போன பஸ்ஸில் கூடச் சொல்லிப் பார்த்தாள். “நாள தள்ளி வைப்பா. மொதல்ல வேலைல சேந்துக்கறேன், அப்பால யார வேணா கட்டிக்கறேன்” என்றாள். “பத்திரிகை குடுத்தாச்சி. சொன்ன சொல்ல மாத்தினா நாலு பேரு இன்னா பேசுவாங்க?” என்றார் பாண்டுரங்கன். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது அப்புறம் நன்றாகவே தெரிந்தது.

முகூர்த்தத்தன்று விடிந்தும் விடியாததுமாக, நலங்கு வைத்த மஞ்சள் முகத்தோடும் கட்டிய பட்டுப்புடவையோடும் பாஞ்சாலி பின்வாசல் வழியாக இறங்கி, வரப்பில் நடந்து, ரோட்டுக்குப் போய் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினாள். அந்த பஸ்ஸில் கண்டக்டர் வேங்கடேசன். வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி நல்ல ஆள். “கல்யாணப் பொண்ணாட்டம் கீறியேம்மா, மாப்ள எங்க?” என்று கேட்டார். “பந்தல்ல கீறாரு. விழுப்புரம் ஒண்ணு குடுங்க” என்றாள் பாஞ்சாலி. அவரும் கொடுத்தார். விழுப்புரத்தில் இறங்கி, முகத்து மஞ்சளைக் குழாயடியில் கழுவிக்கொண்டு, நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா என்றால், அழுதாள்தான். ஆனால் மத்தியானத்துக்கு மேல்தான் அழுதாள், அதற்கு முன்னால் வேலை இருந்தது.

இங்கே பந்தலில் மேளம் வாசித்துக்கொண்டே இருந்தது. கிணற்றில் கொக்கி தொங்கும் பாதாளக் கொலுசு போட்டுத் துழாவினார்கள், வைக்கோல் போரைக் கலைத்தார்கள், தெருவில் இருக்கிற வாலிபர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து யார் குறைகிறான் என்று பார்த்தார்கள். ஒருத்தனும் குறையவில்லை. அதுதான் எல்லாருக்கும் கஷ்டமாகப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்த நேரத்தில், பாண்டுரங்கன் ஒரு தப்புச் செய்தார். அவர் குடும்பத்தில் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு எதையும் பேசக்கூடாது. அதைத் தொட்டுச் சொன்னதை மாற்ற முடியாது என்பதால், விவரம் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டுதான் அதன் பக்கம் போவார்கள். பாண்டுரங்கன் எல்லாம் தெரிந்தும், அவமானத்தில் கண் இருண்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “எம் பொண்ணு இந்தப் பந்தல்ல வந்து நிக்கற வரைக்கும் இத பிரிக்க மாட்டேன். இது எஞ் சொல்லு” என்றார். சொன்னதோடு விடாமல், சொம்பில் மிச்சமிருந்த பாலையும் அதன் அடியில் ஊற்றினார். பந்தல் கேட்டுக்கொண்டது. தேவநாதனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பாவம், அந்தக் கூட்டத்தில் கோபப்படாமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர் அவர் ஒருத்தர்தான். அடுத்த மாதமே வல்லத்தில் பெண் எடுத்துச் சௌக்கியமாக இருந்தார்.

பந்தல் போட்ட ராயப்பன் திண்டிவனத்துக்காரர், கிறிஸ்தவர், அந்தப் பக்கத்துக் கல்யாணம் கருமாதி எல்லாவற்றுக்கும் அவர் மூங்கில்தான். மூன்றாம் நாள் வண்டி கட்டிக்கொண்டு பிரிக்க வந்தார். முடிச்சை அவிழ்த்தார், அவர் குனிந்து அடுத்த முடிச்சுக்குப் போவதற்குள் முதல் முடிச்சு தானே கட்டிக்கொண்டது. ஒரு மூங்கிலைப் பிடித்து இழுத்தார், அது ஒரு சாண் கீழே இறங்கி உட்கார்ந்தது. ராயப்பன் சண்டை போடுகிற ஆள் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஐயா, உங்க வூட்டு வழக்கப்படி பொண்ணு கையால மஞ்சத்தண்ணி ஊத்தாம பந்தக்கால் வராதுன்னு சொல்வீங்களே, இது அதுதான். பாப்பா வர்ற அன்னிக்கி சொல்லி அனுப்புங்க, வந்து எடுத்துக்கறேன்” என்று சொல்லி, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். சொந்தக்காரப் பெண்கள் ஆளாளுக்கு மஞ்சத்தண்ணி ஊற்றிப் பார்த்தார்கள். வாழை நன்றாகத் தழைத்தது, அவ்வளவுதான்.

ஊருக்குப் பேர் வந்தது முகூர்த்தத்தன்று சாயங்காலமே. இந்த ரோட்டில் ஊருக்குப் பேர் வைப்பது சர்க்கார் இல்லை, கண்டக்டர்கள். சர்க்கார் வைத்த பேர் பட்டாவில் இருக்கும், கண்டக்டர் வைத்த பேர் வாயில் இருக்கும். ஓடுகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி வைத்துவிட்டு ஒரு பெரியவர் பல் விளக்கிவிட்டு வந்தார் என்பதற்காக ஒரு ஊர் பல்விளக்கிப்பட்டு ஆகி, அவர் செத்து, பல் விளக்கிய இடத்தில் சொசைட்டி கட்டிடம் வந்த பிறகும் அப்படியேதான் இருந்தது. ஒரே ஒரு கல்யாணத்தில் இரண்டாம் பந்திக்குச் சாம்பார் தீர்ந்துபோன ஊர், சாம்பாரில்லாக்குப்பம். நல்ல காரியத்துக்காக இவர்கள் ஒரு ஊருக்கும் பேர் வைத்ததில்லை. மழைக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட ஊரெல்லாம் பேரில்லாமல் கிடந்தது. வேங்கடேசன் சாயங்கால டிரிப்பில் திரும்பி வரும்போது, நாணல்பாக்கம் வந்ததும் விசில் ஊதி, “பொண்ணில்லாப் பந்தல் யாருப்பா, ஜல்தி எறங்கு” என்றார். சிரித்தவர்கள் அத்தனை பேரும் மறுநாள் அதைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்கினார்கள். ஒரு மாதத்தில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு, ஒரு வருஷத்தில் விழுப்புரம் மார்க்கெட். அப்புறம் வெளியூர்க் கல்யாணப் பத்திரிகைகளில் மணமகன் விலாசமே அப்படி அச்சாயிற்று.

பந்தல் சும்மா இருக்கவில்லை, வளர்ந்தது. முகூர்த்த மாதங்களில் மட்டும் வளரும். ஆடியிலும் மார்கழியிலும் அசையாமல் இருக்கும், அதற்கும் நாள் நட்சத்திரம் தெரிந்திருந்தது. முதல் வருஷம் பக்கத்து வீட்டுக் கூரையைத் தொட்டது. 1983இல் தெரு முழுக்க மூடியது. அதற்கு மறு வருஷம் வாய்க்காலைத் தாண்டிக் காலனித் தெருவுக்குப் போனது. போகலாமா என்று யாரையும் கேட்கவில்லை. இந்தத் தெருக்காரர்கள் நாலைந்து பேர் அரிவாளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் கீற்றை வெட்டிப் பார்த்தார்கள், வெட்டின இடத்தில் இரண்டு பங்காக முளைத்தது, அதோடு அரிவாளைக் கொண்டுபோய் எரவாணத்தில் செருகிவிட்டார்கள். 1986 வைகாசியில் தார் ரோட்டைத் தொட்டு, பஸ் நிற்கிற இடத்துக்கும் நிழல் வந்தது. முகூர்த்த நாளில் விடிகாலையில், யாரும் அடுப்பு மூட்டாமலே, ஊர் பூராவும் கல்யாணச் சாம்பார் வாசனையும் சந்தன வாசனையும் வரும். பக்கத்து ஊர் நாய்கள் முதல் நாளே வந்து படுத்துக்கொள்ளும். காலனியில் லூர்துமேரி கல்யாணம் அந்தப் பந்தலில்தான் நடந்தது, வடக்குத்தெரு சின்னபொண்ணு கல்யாணமும் அதில்தான், ஒரே நாளில், ஒரே கீற்றின் கீழே. ஒரு குறை உண்டு. வாசலில் வெயில் விழாததால் மல்லாட்டையும் கேப்பையும் காய வைக்க இடமில்லாமல் ஜனங்கள் கழனி மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அதற்காகப் பாண்டுரங்கனைத் திட்டினார்கள், கல்யாணம் வந்தால் மறந்துவிட்டார்கள்.

இத்தனை பேருக்கு நிழல் கொடுத்த பந்தல், பாண்டுரங்கனுக்கு மட்டும் நெருப்பாக இருந்தது. மண்டிக்கு மல்லாட்டை கொண்டுபோனால் எந்த ஊர் என்று கேட்பார்கள். நாணல்பாக்கம் என்பார். அது எங்க கீது என்பார்கள். பக்கத்தில் இருக்கிறவன் எவனாவது, அதாம்ப்பா பொண்ணில்லாப் பந்தல் என்பான். அட, அத சொல்ல வேண்டியதுதானே பெரியவரே என்பார்கள். இவருக்குக் காது மடல் வரை சூடேறும். பஸ்ஸில் அந்தப் பேரைக் கேட்கப் பொறுக்காமல், முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருவார். வீட்டில் பொண்ணு பேரை எடுக்கக்கூடாது என்று உத்தரவு. அவர் மனைவி முனியம்மாள் அந்த உத்தரவை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். பேரை எடுக்கவில்லை, மாதா மாதம் பௌர்ணமிக்குத் திருவக்கரை அம்மனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, விழுப்புரம் போய்ப் பொண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். வரும்போது பிரசாதம் என்று கொடுக்கிற குங்குமம் விழுப்புரம் கடைத்தெருக் காகிதத்தில் மடித்திருக்கும். பாண்டுரங்கன் அதை வாங்கி நெற்றியில் வைத்துக்கொள்வார். ஒன்றும் கேட்க மாட்டார். ராத்திரி படுத்துக்கொண்டு, அவள் சாப்பிட்டாளா, யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று நினைத்து நினைத்துப் புரண்டு படுப்பார். காலையில் எழுந்தால் அது கோபமாகியிருக்கும். பொண்ணு மேல் கோபப்பட முடியாதபோதெல்லாம் அவர் அந்தப் பேர் மேல் கோபப்பட்டார்.

1987இல் நாணல்பாக்கம் தபாலாபீசுக்கு டெலிபோன் வந்தது. போஸ்ட்மாஸ்டர் விருத்தாசலம் அதற்கு ஊதுவத்தி காட்டி மேஜை மேல் வைத்தார். எடுத்தால் விழுப்புரம் எக்ஸ்சேஞ்சில் ஆள் பேசுவார்கள், அவர்களிடம் நம்பர் சொன்னால் போட்டுக் கொடுப்பார்கள். பாண்டுரங்கன் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். பஸ் டிப்போவுக்குப் பேசி, கண்டக்டர்கள் மேல் கம்ப்ளெய்ண்டு கொடுக்க வேண்டும் என்றார். விருத்தாசலம் ரிசீவரை எடுத்து அவர் காதில் வைத்தார்.

“எக்ஸ்சேஞ்ச். எந்த ஊர்லேர்ந்து பேசறீங்க?” என்றது ஒரு பெண் குரல்.

“நாணல்பாக்கம்” என்றார் பாண்டுரங்கன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் செத்துவிட்டதோ என்று விருத்தாசலம் பெட்டியைத் தட்டினார்.

“யாரு வேணும்ங்க?” என்றது குரல், கொஞ்ச நேரம் கழித்து.

“பஸ் டிப்போ. கம்ப்ளெய்ண்டு ஒண்ணு குடுக்கணும். எங்க ஊருக்குக் கெட்ட பேரு வெச்சிக் கூவறானுங்க.”

“இன்னா பேருங்க?”

எக்ஸ்சேஞ்சில் இருக்கிறவர்கள் அதையெல்லாம் கேட்கக்கூடாது. பாண்டுரங்கன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். “அத உன்னாண்ட சொல்ல முடியாதும்மா” என்றார்.

“லைன் எங்கேஜ்டா கீதுங்க. வர்ற வெள்ளிக்கிழம ட்ரை பண்ணிப் பாருங்க.”

முதல் வார்த்தையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பொண்ணு குரல் தெரியாமல் போகுமா. ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்து, கழனிக் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்த அழுகை, சீக்கிரத்தில் நிற்கவில்லை. வீட்டுக்குப் போனதும், டிப்போ லைன் கிடைக்கவில்லை, வெள்ளிக்கிழமை திரும்பப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறவில்லை. மழையோ வெயிலோ, சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அவள் எந்த ஊர் என்று கேட்பாள், இவர் சொல்லுவார், டிப்போ வேண்டும் என்பார், எங்கேஜ்டு என்பாள், அப்ப வெய்ட் பண்றேன் என்பார். வெய்ட் பண்ணுகிற நேரத்தில் சும்மா இருக்க முடியாது அல்லவா. அங்க மழை உண்டா என்பார். உண்டுங்க என்பாள். செவலை கன்னு போட்டுச்சி என்பார். காளையா கெடாரியாங்க என்பாள். இருவரும் கடைசி வரை ஒருத்தரை ஒருத்தர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, “எங்க வூட்ல அவளுக்கு முட்டி வலி, பஸ் ஏற எறங்க முடியல” என்றார். “அப்படின்னா இந்தப் பௌர்ணமிக்கி வர வேணாம்னு சொல்லுங்க, நான் மாத்திரை வாங்கி அனுப்பறேன்” என்று பாஞ்சாலி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். “சொல்றேன்” என்றார் அவர், ஒன்றுமே நடக்காததுபோல. வீட்டுக்குப் போய் முனியம்மாளிடம், “இந்தப் பௌர்ணமிக்கி நீ திருவக்கரை வர வேணாமாம்” என்றார். “யாரு சொன்னா?” என்றாள். “அம்மன்தான்” என்றார். முனியம்மாள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். விருத்தாசலத்துக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. இந்த டிப்போ லைன் மட்டும் ரெண்டு வருஷமா எங்கேஜ்டாவே கீதே என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். “பெரிய ஆபீசு இல்ல, அப்படித்தான் இருக்கும்” என்றார் பாண்டுரங்கன்.

1989 தை மாதம் ரோட்டோரம் ஊர்ப் பலகை நட வந்தார்கள். இரும்புத் தகடு, மஞ்சள் வர்ணம், அதில் கறுப்பு எழுத்து எழுதப் பெயிண்டர் ராஜாமணி. எந்த ஊர் என்ன பேர் என்று வழியில் நாலு பேரைக் கேட்டிருக்கிறார்கள், நாலு பேரும் ஒரே பேரைச் சொல்லியிருக்கிறார்கள். பாண்டுரங்கன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். ஐயா, நாணல்பாக்கம் என்று எழுதுங்கள் என்றார். ராஜாமணி இரக்கப்பட்டார்தான். “அந்தப் பேர்ல ஒரு ஊரு கீதான்னே யாருக்கும் தெரியலீங்க. அதோ பந்தல் தலைக்கி மேல நிக்கிது, நான் வேற பேரு எழுதினா என்னியத்தான் கேலி பண்ணுவாங்க. ஞாயித்துக்கெழம சாயந்தரம் எழுத வருவேன். அதுக்குள்ள பந்தல எடுத்துட்டீங்கன்னா நீங்க சொல்ற பேரு” என்றார். வாயில் இருக்கிற பேர் என்றைக்காவது ஓயலாம். இரும்பில் ஏறினால் பேரன் பேத்தி காலத்துக்கும் நிற்கும், பாஞ்சாலி ஓடிப்போனவள் என்று போகிற வருகிற பஸ்ஸெல்லாம் படித்துக்கொண்டு போகும். பாண்டுரங்கனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பந்தல் போக வேண்டுமென்றால் அவள் வர வேண்டும். வந்து மஞ்சத்தண்ணி ஊத்திட்டுப் போ, பந்தலப் பிரிக்கணும். இதுதான் சொல்ல வேண்டியது, கஷ்டமான வார்த்தை ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து தபாலாபீஸ் போகிற வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனார். போன் எடுத்ததும் அவள் எந்த ஊர் என்று கேட்டாள். இவர் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை.

“டெலிபோன்காரம்மா” என்றார், “நீங்க ஒரு தபா எங்க ஊருக்கு வந்துட்டுப் போவக் கூடாதா?”

“எதுக்குங்க?” என்றாள் பாஞ்சாலி. பிறகு, “பந்தல் பிரிக்கவா?” என்றாள். பலகை விஷயம் அவளுக்கும் எட்டியிருந்தது. முனியம்மாளுக்கு முட்டி வலி தேவலையாகியிருந்தது.

அதற்குத்தான். ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவள் கேட்ட விதத்தில் ஒரு நடுக்கம் இருந்தது, எட்டு வருஷம் கழித்து என்னைக் கூப்பிடுவது இதற்குத்தானா என்று அது கேட்டது. பாண்டுரங்கனுக்கு அது கேட்டுவிட்டது. பலகை, பேர், நாலு பேர், மீசை எல்லாம் சட்டென்று ஒரு பொருட்டில்லாமல் போயின. மனதில் வேறு ஒன்றும் இல்லை, அவளைப் பார்க்க வேண்டும் அவ்வளவுதான்.

“இல்ல” என்றார். “சோறு துன்ன.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “லீவு கேக்கணும்” என்றாள் பாஞ்சாலி. “ஞாயித்துக்கெழம வர்றேன்.” இவர், வா என்று சொல்லி, அதற்கு மேல் நின்றால் மானம் போய்விடும் என்று போனை வைத்துவிட்டார். டிப்போ கிடைத்ததா என்று விருத்தாசலம் ஆவலாகக் கேட்டார். “கெடச்சுது. வர்றாங்களாம்” என்றார் பாண்டுரங்கன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் கண்டக்டர் வேங்கடேசன். காதோரம் நரைத்திருந்தது, வாய் மட்டும் அப்படியே. பஸ் பந்தலுக்குள் நுழைந்து நின்றதும், விசில் ஊதி, “பொண்ணில்லா” என்று ஆரம்பித்தார். படிக்கட்டில் நூல் புடவையும் கைப்பையுமாக பாஞ்சாலி நின்றுகொண்டிருந்தாள், திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். வேங்கடேசனுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. பாதிப் பேரை விழுங்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “பந்தல் எறங்கு” என்றார். திரும்பின டிரிப்பிலும் அப்படியே கூவினார். ஊருக்குப் பேர் குறைந்தது அவ்வளவு சுலபமாகத்தான் நடந்தது. சாயங்காலம் ராஜாமணி வந்தபோது, பஸ்ஸில் கேட்டபடி பந்தல் என்றே எழுதட்டுமா என்றார். அப்போது பாண்டுரங்கனுக்குப் பலகை மேல் கவனமே இல்லை.

ஊர் மொத்தமும் கூடியிருந்தது, இந்தத் தெருவும் காலனியும். தனியாவா வந்த என்று ஒரு கிழவர் கேட்டார். “தனியாத்தான் வந்தேன். அன்னிக்குப் போனதும் தனியாத்தான்” என்றாள். அவள் நின்ற நிலையைப் பார்த்து ஊர் நம்பிவிட்டது. டெலிபோன் இல்லாமல் பாண்டுரங்கன் அவளோடு பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. மொதல்ல சாப்புடு, மத்தத அப்பால பாத்துக்கலாம் என்றார். பாஞ்சாலி கேட்கவில்லை. “என்னிய வெச்சிச் சொன்ன சொல்லு, நாந்தான் முடிச்சி வைக்கணும். சொம்பு குடும்மா” என்று முனியம்மாளிடம் வாங்கி, பந்தக்காலின் அடியில் மஞ்சத்தண்ணி ஊற்றினாள். கையை வைத்து இழுத்தாள். வெள்ளை வேர் தொங்க, முள்ளங்கி வருகிறதுபோல் வந்துவிட்டது.

பந்தல் விழப்போகிறது என்று ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினார்கள். ஒரு கீற்றும் விழவில்லை. சொல்லி அனுப்பியிருந்தபடி வண்டியோடு வந்திருந்த ராயப்பன், தயங்கித் தயங்கி ஒரு மூங்கிலைத் தொட்டார், அது கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. நாணல்பாக்கம் முழுக்க நடந்து, முளைத்திருந்த மூங்கில்களில் தன்னுடையவற்றை மட்டும் அடையாளம் பார்த்துப் பிடுங்கி வண்டியில் ஏற்றினார், மற்றதையும் ஊர் ஆட்கள் பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். கடைசி மூங்கிலும் வந்த பிறகு, பந்தல் ரோடு முதல் காலனி வரை, எதன் மேலும் நிற்காமல், இருந்த உயரத்திலேயே பச்சையாக இருந்தது. கீழே நல்ல காற்று வந்தது. கால் எதிலும் இடிக்காததால் முன்னைவிட வசதியாகவே இருந்தது. ஓடினவர்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள், இலை போட்டார்கள்.

பாண்டுரங்கன் பொண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பரிமாற வந்தவரிடமிருந்து கரண்டியை வாங்கி, தானே சாம்பார் ஊற்றினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள், இவர் சாப்பிடாமல் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு கரண்டி ஊற்றப் போனார்.

“போதுங்க” என்றாள் பாஞ்சாலி, வெள்ளிக்கிழமை வழக்கத்தில்.

“இன்னா போதுங்க?” என்றார் பாண்டுரங்கன். கரண்டியை அப்படியே இலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். “போதும்ப்பான்னு சொல்லு.”

“போதும்ப்பா.”

அதற்குப் பிறகுதான் அவர் தன் இலையில் கையை வைத்தார். நன்றாகச் சாப்பிட்டார், இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த விருத்தாசலம் சாப்பிட்டு முடித்து, அண்ணாந்து கீற்றை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இது இன்னாத்த புடிச்சிக்கினு நிக்கிது என்று கேட்டார்.

“அது நிக்கிது. நீங்க எலைய எடுங்க, அடுத்த பந்தி காத்துக்கினு கீது” என்றாள் முனியம்மாள். விருத்தாசலம் இலையை மடித்து எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்.